கோடியக்கரைக்குப் புரட்டாசியிலேயே போங்கள்

கோடியக்கரை என்றதும் எல்லோரும் பூநாரையைத்தான் சொல்வார்கள். மார்கழி, தையில் வரச் சொல்வார்கள். தீபாவளிக்கு ஊருக்கு வருகிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். புரட்டாசிக் கடைசியிலிருந்து அங்கே சின்னக் குருவிகளின் காலம். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய காட்சி. இமயமலை அடிவாரத்திலிருந்து இலங்கைக்குப் போகிறவை கடலைத் தாண்டுமுன் இந்தக் காட்டில் இறங்கி இளைப்பாறுகின்றன. எதிரே இலங்கையின் காங்கேசன்துறை 60 கிலோமீட்டருக்குள்தான்.

சிங்கப்பூர், கோலாலம்பூரிலிருந்து வருவோருக்குத் திருச்சி விமான நிலையம் வசதி. அங்கிருந்து தஞ்சாவூர், திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் வந்து தங்குங்கள். காலையில் கோடியக்கரை போக ஆட்டோவை முந்தின நாளே பேசி வைத்துவிடுங்கள். 1967 முதல் கோடியக்கரை சரணாலயம். நுழையும் நேரமும் கட்டணமும் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பருவமழை பிடித்துவிட்டால் காட்டுவழி சேறாகிவிடும், ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது.

விடிந்து முதல் இரண்டு மணி நேரம் முக்கியம். இரவெல்லாம் பறந்து வந்தவை பசியோடு இரை தேடும். நடந்துகொண்டே இருந்தால் ஒன்றும் கண்ணில் படாது. ஒரு பாலை மரத்தடியில் அசையாமல் நின்றுவிடுங்கள். சருகு புரளும் சத்தம் கேட்டால் ஆறுமணிக்குருவியாக இருக்கலாம்: பச்சை முதுகு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. அலகால் சருகைப் புரட்டும், இரண்டு தத்து தத்தும், கட்டை வாலை மேலும் கீழும் ஆட்டும். கொடிக்கால் வாலாட்டியோ உடம்போடு சேர்த்துப் பக்கவாட்டில் ஆட்டும். புதருக்குள் நாக்கைச் சொடுக்குவது போல 'டக், டக்' என்று கேட்டால் நாணல் கதிர்க்குருவி. வெட்டவெளியில் தாழப் பறக்கும் தகைவிலான் உங்களுக்குப் பழக்கமாகவே இருக்கும். லண்டனிலும் டொரண்டோவிலும் கோடையில் பறக்கும் அதே இனம்.

கைபேசியில் பறவைக் குரலைப் போட்டு அழைக்காதீர்கள். கடல் தாண்ட வேண்டிய குருவி, இல்லாத எதிரியைத் தேடி அலைந்து தெம்பை இழக்கும்.

அப்புறம், இந்த மாதங்களில் களைத்துப்போன ஆறுமணிக்குருவி சில சமயம் வீட்டுக்குள்ளேயே வந்து விழும். உறவினர் வீட்டில் அப்படி நடந்தால் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள். தெளிந்திருந்தால் அன்று மாலையே மரம் அடர்ந்த இடத்தில் பெட்டியைத் திறந்துவிட்டால் போதும். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.