வெளிவராத ஸ்போர்ட்ஸ் பைக்கின் எஞ்சினை முன்கூட்டியே எடைபோடுவது எப்படி?

புது ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்று வரப்போகிறது என்று சேதி கசிந்ததும் என் பட்டறைக்கு வரும் பசங்க கேட்கிற முதல் கேள்வி, "அண்ணே, எத்தனை எச்.பி. இருக்கும்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "ஸ்ட்ரோக் எத்தனை மில்லி? முதல்ல அதைச் சொல்லு."

சிலிண்டரைக் குடைந்து அகலப்படுத்தும் போரிங்கும், அதன் உட்சுவரைத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங்கும்தான் என் தொழில். எச்.பி. என்பது கம்பெனி கடைசியாக வாய் திறந்து சொல்லும் எண். ஸ்ட்ரோக்கோ, அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலிருந்து கீழே ஓடும் தூரம், அந்த எஞ்சினை வரைய உட்கார்ந்தவர் ஆரம்பத்திலேயே எடுத்த முடிவு. எத்தனை ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வரை சுற்றும், எங்கே இழுக்கும், கையில் எப்படித் தெரியும் என்பதில் பெரும்பகுதி அந்த ஒரு எண்ணுக்குள் இருக்கிறது. ஆகவே பைக் வரும் வரை காத்திருக்கும் நாட்களை வீணாக்காதீர்கள். ஒரு நோட்டு எடுங்கள். எஞ்சினுக்கு ஒரு வரி போதும்: போர் (சிலிண்டரின் உள் விட்டம்), ஸ்ட்ரோக், உச்ச பவர் எந்த ஆர்பிஎம்மில், உச்ச டார்க் (சுழற்றும் விசை) எந்த ஆர்பிஎம்மில். ஏற்கெனவே வந்த எஞ்சின்களை முதலில் நிரப்புங்கள். ஒப்பிட ஆள் இல்லாவிட்டால் புது எண்ணால் ஒன்றும் புரியாது.

யமஹா ஆர்1-ஐ வைத்தே தொடங்கலாம். 1998-ல் முதல் ஆர்1 வந்தபோது போர் 74 மி.மீ., ஸ்ட்ரோக் 58. 2009-ல் அது 78-க்கு 52.2 ஆனது. 2015-ல் 79-க்கு 50.9. மூன்றும் அதே 998 சிசி. கொள்ளளவு மாறவில்லை, சிலிண்டர் மட்டும் அகலமாகி உயரம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அகலம் கூடினால் பெரிய வால்வுகளுக்கு இடம் கிடைக்கும். உயரம் குறைந்தால் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் ஓட வேண்டிய தூரம் குறையும், அதனால் எஞ்சினை இன்னும் வேகமாகச் சுற்றவிடலாம். பிஎம்டபிள்யூ எஸ்1000ஆர்ஆர் 80-க்கு 49.7. 2020-ல் வந்த ஹோண்டா ஃபயர்பிளேடு 81-க்கு 48.5. எல்லோரும் ஒரே திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது கணக்கு. ஸ்ட்ரோக்கை மி.மீ.-ல் எடுத்து ஆர்பிஎம்மால் பெருக்கி 30,000-ஆல் வகுத்தால் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று வந்துவிடும். ஃபயர்பிளேடு 14,500-ல் உச்ச பவர் தருகிறது. 48.5-ஐ 14,500-ஆல் பெருக்கி வகுத்தால் 23.4. எஸ்1000ஆர்ஆரின் 2019 மாடல் 13,500-ல் 22.4. 1,103 சிசி டுகாட்டி பனிகாலே வி4, ஸ்ட்ரோக் 53.5, உச்ச பவர் 13,000-ல், ஆக 23.2. வேறு வேறு நாடு, வேறு வேறு வடிவமைப்பு, ஆனாலும் எல்லாம் ஏறக்குறைய ஒரு மீட்டர் வித்தியாசத்துக்குள் வந்து நிற்பதைப் பாருங்கள். பிஸ்டனையும், அதைக் கிராங்க் எனும் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடையும் இதற்கு மேல் இழுத்தடிக்க உலோகம் சம்மதிப்பதில்லை. ஆர்1 2015-ல் டைட்டானியம் ராடுக்குப் போனதும் இந்த நெருக்கடியால்தான். ஆகவே யாராவது "புது எஞ்சின் 16,500-ல் உச்ச பவர் தருமாம்" என்று சொன்னால் ஸ்ட்ரோக்கைக் கேட்டுக் கணக்குப் போடுங்கள். பவர் உச்சத்தில் 25-ஐத் தாண்டினால் நான் அந்தச் சேதியை நோட்டில் ஏற்றுவதில்லை.

இதே கணக்கு மறுபக்கமும் உதவும். கவாஸாகி இசட்எக்ஸ்-25ஆர், 250 சிசி-யில் நான்கு சிலிண்டர், 17,000 வரை அலறும். கேட்பவர்கள் எஞ்சின் சிதறிவிடும் என்று பயப்படுகிறார்கள். அதன் ஸ்ட்ரோக் 31.8 மி.மீ.தான், 17,000-லும் பிஸ்டன் வேகம் 18. வெறும் 8,750-ல் உச்ச பவர் தரும் யமஹா ஆர்7-ல், ஸ்ட்ரோக் 68.6 என்பதால், அது 20. சத்தத்தை வைத்துப் பயப்படுவதில் அர்த்தமே இல்லை.

வாய்ப்புக் கிடைத்தால் இந்த ரக பிஸ்டன் ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். எனக்கு இன்றும் அலுக்காத பொருள் அது. 80 மி.மீ. விட்டம், ஆனால் உயரம் என்று பார்த்தால் ஒரு மூடி அளவுதான். பக்கச் சுவராக இருக்க வேண்டிய ஸ்கர்ட்டைச் செதுக்கிவிட்டு முன்னும் பின்னும் சின்னதாக இரண்டு பட்டைகளை மட்டும் விட்டிருப்பார்கள், அதன்மேல் கருஞ்சாம்பல் நிறப் பூச்சு. மேல் ரிங்கின் பள்ளம் தலைவிளிம்பை ஒட்டியே ஓடும். தலையில் வால்வுக்கு நான்கு குழிகள், காற்று நுழையும் இன்டேக் பக்கம் பெரிது, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கம் சிறிது. பிஸ்டனை ராடோடு கோக்கும் பின்னோ விரல் நீளம்கூட இருக்காது. ஒவ்வொரு கிராமையும் யாரோ உட்கார்ந்து எடுத்திருக்கிறார்கள் என்பது தடவிப் பார்த்தாலே தெரியும்.

என் தொழில் சார்ந்து ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த எஞ்சின்களில் பெரும்பாலும் சிலிண்டருக்குள் இரும்பு ஸ்லீவ் (உள்ளுறை) கிடையாது. அலுமினியச் சுவரில் நிக்கல்-சிலிக்கான் கார்பைடு பூச்சு மட்டும்தான். சாதாரண பைக்குக்குச் செய்வதுபோல ஓவர்சைஸ் போரிங் அடிக்க முடியாது, பூச்சு போய்விட்டால் மறுபூச்சு அல்லது புது சிலிண்டர். அதனால் பைக்கை வாங்கும் எண்ணம் இருப்பவர்கள், சிலிண்டர் தனியாகக் கழற்றக்கூடியதா, மேல் கிராங்க்கேஸோடு (கிராங்க்கைத் தாங்கும் கூட்டின் மேல்பாதி) சேர்த்தே வார்த்ததா என்பதை விசாரித்துக்கொள்ளுங்கள். சேர்த்து வார்த்தால் உறுதி கூடும், எடை குறையும். பழுது வந்தால் மேல்பாதி முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

அப்புறம் டார்க். எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள், எந்த ஆர்பிஎம்மில் என்பதுதான் முக்கியம். ஃபயர்பிளேடும் எஸ்1000ஆர்ஆரும் இரண்டுமே 113 நியூட்டன் மீட்டர். ஒன்று 12,500-ல், மற்றது 11,000-ல். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7,023-ஆல் வகுத்தால் அந்த இடத்தில் எத்தனை பி.எஸ். (மெட்ரிக் குதிரைத்திறன்) என்று வரும். பிஎம்டபிள்யூ 11,000-லேயே 177 பி.எஸ். கொடுத்துவிடுகிறது. ஹோண்டா 12,500-ல் 201 கொடுக்கிறது, அதன்பிறகும் ஏறி 217-ல் நிற்கிறது. வளைவிலிருந்து வெளியே வரும்போது பிஎம்டபிள்யூ உடனே தோள் கொடுக்கும். ஹோண்டாவை உச்சத்திலேயே வைத்திருக்க கியரோடு உழைக்க வேண்டும். பிஎம்டபிள்யூவின் ஷிஃப்ட்கேம் ஏற்பாட்டில், இன்டேக் வால்வைத் திறக்கும் தண்டான கேமில் இரண்டு விதமான மேடுகள் உண்டு. 9,000 வரை அடக்கமான மேடு, அதற்கு மேல் பெரிய மேடு. சுஸுகி 2017 ஜிஎஸ்எக்ஸ்-ஆர்1000-ல் இதே வேலையைக் கேமைச் சுற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டுக்குள் உருளும் எஃகுக் குண்டுகளை வைத்தே செய்தார்கள். சுற்றும் வேகம் கூடக் கூடக் குண்டுகள் வெளிப்பக்கம் ஒதுங்கி வால்வு திறக்கும் டைமிங்கை மாற்றிவிடும். மோட்டார் வேண்டாம், சென்சார் வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

இடையில் அலகுகளைக் கவனியுங்கள். அதே ஃபயர்பிளேடை ஒரு இடத்தில் 217 என்றும் இன்னொரு இடத்தில் 214 என்றும் போட்டிருப்பார்கள். இரண்டும் 160 கிலோவாட்தான், ஒன்று பி.எஸ்., மற்றது பி.எச்.பி. நோட்டில் எல்லாவற்றையும் கிலோவாட்டாகவே எழுதினால் இந்தச் சண்டையே வராது. ராம் ஏர் (ஓடும் வேகத்தில் எதிர்க்காற்றை எஞ்சினுக்குள் திணிப்பது) சேர்த்த எண்ணா, சேர்க்காததா என்பதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

டீசர் வீடியோ வந்துவிட்டதா? கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். சமமாக வெடிக்கும் நான்கு சிலிண்டர் என்றால் ஒரே சீரான அலறல். 2009-லிருந்து ஆர்1-ல் இருக்கும் கிராஸ்பிளேன் கிராங்க் 270, 180, 90, 180 டிகிரி இடைவெளியில் வெடிக்கும், அதனால்தான் அந்தக் கரகரத்த உறுமல். சாதாரண கிராங்க்கில் நான்கு பிஸ்டன்களும் ஒரே நேரத்தில் நின்று ஒரே நேரத்தில் கிளம்பும். கிராஸ்பிளேனில் இரண்டு நிற்கும்போது மற்ற இரண்டு முழு வேகத்தில் இருக்கும், ஒன்றின் வேகத்தை மற்றொன்று வாங்கிக்கொள்ளும். பின்சக்கரத்தில் என்ன நடக்கிறது என்பது ஆக்ஸிலரேட்டர் பிடித்த கையில் தெளிவாகத் தெரிவது இதனால்தான். பனிகாலே வி4 இடைவெளியோ 90, 200, 90, 340. இரண்டிரண்டாகக் குத்துவதால் பெரிய இரண்டு சிலிண்டர் எஞ்சின் மாதிரியே கேட்கும்.

சமமாக வெடிக்கும் எஞ்சினில் இன்னொரு வேலையும் செய்யலாம். போனில் ஒலி அலைவெண் காட்டும் செயலி ஒன்றைப் போட்டு, வீடியோவில் எஞ்சின் உச்சத்தைத் தொடும் இடத்தில் எந்த ஹெர்ட்ஸ் பலமாக இருக்கிறது என்று பாருங்கள். நான்கு சிலிண்டரானால் 30-ஆல் பெருக்குங்கள், மூன்று சிலிண்டரானால் 40-ஆல். 467 ஹெர்ட்ஸ் கிடைத்தால் நான்கு சிலிண்டர் எஞ்சின் 14,000-ல் சுற்றுகிறது. ஏறுமாறாக வெடிக்கும் எஞ்சினுக்கு இந்தப் பெருக்கல் பொருந்தாது.

காப்புரிமை வரைபடங்களைப் பார்த்துத் துள்ள வேண்டாம். ஒரு யோசனையை வேறு யாரும் எடுத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் பெரும்பாலும் பதிவு செய்கிறார்கள். விண்ணப்பித்துப் பொதுவாக 18 மாதம் கழித்துத்தான் அது வெளியே தெரியும். படத்தில் இருக்கும் ஃபிரேமும் சீட்டும் பல நேரம் பழைய பைக்கினுடையவை. உளவுப் படத்துக்கு மதிப்பு அதிகம். எக்ஸாஸ்ட் குழாய்களை எண்ணுங்கள், கிளட்ச் மூடியின் வடிவத்தைப் பழைய மாடலோடு ஒப்பிடுங்கள். திரை, ரைடிங் மோடு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பந்தய விதிகளையும் மாசு விதிகளையும் தவறாமல் பாருங்கள். ஐரோப்பாவில் 2025 முதல் ஆர்1 சாலைக்கு விற்கப்படவில்லை, டிராக்குக்கு மட்டும்தான். பைக் பந்தயத்தின் உச்சப் பிரிவான மோட்டோஜிபி 2027-ல் 1,000 சிசி-யிலிருந்து 850-க்கு இறங்குகிறது. போரின் உச்ச அளவும் 81-லிருந்து 75 மி.மீ. ஆகிறது. முழு போரையும் எடுத்துக் கணக்குப் போட்டால் ஸ்ட்ரோக் 48.1 வருகிறது, இன்றைக்கு இருக்கும் 48.5-க்குப் பக்கத்திலேயே. அதாவது பிஸ்டன் வேகத்தை வைத்துப் பார்த்தால் ஆர்பிஎம் பெரிதாக மாற வேண்டிய அவசியம் இல்லை. அங்கிருந்து சாலை பைக்குக்கு எது இறங்கி வந்தாலும் குட்டை ஸ்ட்ரோக் குணத்தோடுதான் வரும் என்று நான் எதிர்பார்க்கிறேன்.

இந்த முறையை இப்போதே போட்டுப் பார்க்க நல்ல ஆள் ஹோண்டாவின் வி3. 2024 மிலான் கண்காட்சியில் 75 டிகிரி வி வடிவ மூன்று சிலிண்டர் எஞ்சினை, மின்சார கம்ப்ரசரோடு காட்டினார்கள். 2025-ல் அதை 900 சிசி முன்மாதிரி பைக்காகக் கொண்டுவந்தார்கள். சிலிண்டருக்கு 300 சிசி. போர் 75 என்றால் ஸ்ட்ரோக் 67.9, போர் 81 என்றால் 58.2. பிஸ்டன் வேகத்தை 22-ல் நிறுத்தினால் முதலாவது சுமார் 9,700-லும் இரண்டாவது சுமார் 11,300-லும் உச்சத்துக்கு வரும். கம்ப்ரசரை மின்சாரம் ஓட்டுவதால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதும் காற்றை அழுத்திக் கொடுக்க முடியும், ஆர்பிஎம்மை விரட்ட வேண்டிய தேவை குறைவு. அதனால் என் ஓட்டு நீள ஸ்ட்ரோக் பக்கம், நோட்டில் 10,000-க்கு உள்ளே என்று எழுதிவைத்திருக்கிறேன். நீங்களும் உங்கள் கணிப்பைத் தேதி போட்டு எழுதிவையுங்கள். சத்தம் வந்ததும் 40-ஆல் பெருக்கக் கிளம்பிவிடாதீர்கள், முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாக நிற்கும் அந்த வி3 சீராக வெடிக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.