போடிமெட்டில் லோடு வண்டி இறக்குவது எப்படி?

கேரளத்துப் பூப்பாறையில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலைப்பாதையில் தேனிப் பக்கத்துப் போடிக்கு இறங்கிய முதல் நடையில் நான் கயிறே கட்டவில்லை. ஒவ்வொன்றும் பத்து, பன்னிரண்டு கிலோ, மேலெல்லாம் முள், இது எங்கே நகரப் போகிறது என்ற நினைப்புதான். இரண்டாவது கொண்டை ஊசியில் திரும்பும்போது பின்னால் தடதடவென்று சத்தம். அத்தனை பழமும் ஒரே பக்கம் உருண்டு பலகையில் மோத, ஸ்டியரிங் கையில் ஒரு உதறு உதறியது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பழம் வெளிப்பக்கம் பாய்ந்தது என்றுதான் எல்லோரும் சொல்லுவோம். அது எங்கேயும் பாயவில்லை, போன திசையிலேயே நேராகப் போனது, வண்டிதான் அதற்கு அடியிலிருந்து திரும்பிக்கொண்டது. 1687லேயே நியூட்டன் எழுதிவைத்த முதல் விதி இதுதான்: ஏதாவது ஒரு விசை பிடித்துத் திருப்பாதவரை பொருள் தன் போக்கிலேயே போகும். அந்த விசையை நீங்கள்தான் கயிறாகவும் பலகையாகவும் முன்கூட்டியே கொடுத்து வைக்க வேண்டும்.

அதனால் முதல் வேலை, சரக்கைக் கேபின் பக்கத்துப் பலகையோடு ஒட்டி அடுக்குவது. ஐம்பது கிலோ ஏலக்காய் மூட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டென்று பிரேக் போட்டால் அதை நிறுத்த முப்பது கிலோ அளவுக்குப் பின்னோக்கி ஒரு பிடி வேண்டும். தகரத் தரையின் உரசல் பதினைந்து, இருபது கிலோதான் தரும், மிச்சத்தைப் பலகை தாங்கணும். ஒரு அடி இடைவெளி விட்டு அடுக்கினால் மூட்டை அந்த ஒரு அடியையும் ஓடி வந்து வேகமாக மோதும், அது வேறு கதை. தரையில் பழைய ரப்பர் பாய் விரித்தால் பிடி நன்றாகவே கூடும். ஈரத் தார்ப்பாயை மட்டும் அடியில் போடாதீர்கள், சறுக்குமரம் மாதிரி ஆகிவிடும்.

கனமானது கீழே, லேசானது மேலே. இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கயிறு விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். முடிச்சு பெரிதாக இருந்தால் போதும் என்று நினைப்பு. மாட்டைக் கம்பத்தில் கட்டுகிறவரைக் கவனியுங்கள், முதலில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு அப்புறம்தான் முடிச்சு. இரும்புக் கொக்கியில் கயிற்றை ஒரு முழுச் சுற்று சுற்றினால், உரசல் சுமாராக இருந்தாலே, இந்த முனையில் நீங்கள் பிடிக்கும் 5 கிலோ அந்த முனையில் 30 கிலோவுக்கு மேல் தாங்கும். இரண்டு சுற்றென்றால் 200 கிலோவைத் தாண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் கூட்டல் இல்லை, பெருக்கல். சுற்று அவிழாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் முடிச்சின் வேலை. கயிறு சரக்கின் மேலாகப் போகட்டும், கீழ்நோக்கி அமுக்க அமுக்க தரையின் உரசலும் சேர்ந்து கூடும். ஒரு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி மறுபடி இறுக்குங்கள், மூட்டை அமர்ந்து கயிறு கட்டாயம் தளர்ந்திருக்கும்.

இனி இறக்கம். போடிமெட்டிலிருந்து போடிக்கு 17 கொண்டை ஊசி வளைவு, உயர வித்தியாசம் சுமார் ஆயிரம் மீட்டர். சரக்கோடு ஒன்றரை டன் வரும் வண்டி அந்த உயரத்தை இழக்கும்போது வெளிவரும் ஆற்றல் நாலு யூனிட் கரண்ட் அளவு. ஐம்பது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு அது. காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மீதி முழுவதையும் பிரேக் ஷூவிடம் கொடுப்பதா, இன்ஜினிடம் கொடுப்பதா என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள்.

ஏறின கியரிலேயே இறங்கு தம்பி என்று ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார், நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர். செகண்ட் கியரில் விட்டால் சக்கரம்தான் இன்ஜினைச் சுற்ற வேண்டியிருக்கும், அந்தச் சிரமமே வண்டியை வேகமெடுக்க விடாமல் பிடித்துவைக்கும். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. இப்போது வரும் வண்டிகளில் கியரில் போட்டு ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டால் இறக்கத்தில் டீசலே பாயாது, மிச்சம் என்று ஒன்றுமில்லை.

பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே வராதீர்கள். வேகம் கூடினால் அழுத்தமாக மிதித்துக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள், நடுவில் ஆறட்டும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புதிதாக ஊற்றிய டாட் 3 (DOT 3) ரக ஆயில் 205 டிகிரி வரை தாங்கும், ஈரம் ஏறியது 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ், மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

வளைவில் வேகம் இரண்டு மடங்கானால் தேவைப்படும் பிடி நாலு மடங்கு. பத்து மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசியில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அந்த ஐம்பது கிலோ மூட்டையைத் திருப்ப பதினைந்து கிலோ விசை போதும், 30 என்றால் முப்பத்தைந்து. டயருக்கும் இதே கணக்குதான். காய்ந்த ரோட்டில் கூட அது விளிம்பு, மழை ஈரத்தில் கிடைக்காது, அதிலும் கோடைக்குப் பிறகு வரும் முதல் மழையில் ரோட்டில் படிந்த எண்ணெயெல்லாம் மேலே வந்து நிற்கும். டயருக்கு இருக்கும் பிடி ஒன்றே ஒன்று, அதைத்தான் பிரேக்கும் திருப்பமும் பங்கு போட்டுக்கொள்கின்றன. எனவே குறைக்க வேண்டிய வேகத்தை வளைவுக்கு முன்னாடியே குறைத்துவிட்டு, திரும்பும்போது பிரேக்கைத் தொடாமல் திரும்புங்கள். எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள், விதியும் அதுதான், நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவதும் அவருக்குத்தான் கஷ்டம்.

மலையடிவாரத்து முந்தல் வந்ததும் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கத்து பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சூடு தணியட்டும் என்று பிரேக் டிரம் மேல் தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், வெடிப்பு விட்டுவிடும்.