கான்ட்ராக்ட் எக்ஸ்டென்ஷன்: புதுசா எச்ஆருக்கு வர்றவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு தேதியோட முடியுற வேலை கான்ட்ராக்ட்ட நீட்டுற லெட்டர்ல, பேர்ல எழுத்துப் பிழை, சம்பளத்துல ஒரு சைபர் விட்டுப்போறது, இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, யார் கண்ணுலயாவது பட்டுடும். புதுசா வர்றவங்க திரும்பத் திரும்ப மாட்டுற எடம் வேற, அத மட்டும் எழுதுறேன்.

தேதி முடிஞ்சப்புறம் கையெழுத்து வாங்குறது

இத பாத்தா இன்னிக்கும் எனக்குக் கோவம் வருது. கான்ட்ராக்ட் வெள்ளிக்கிழமையோட முடியுது, மேனேஜர் "எக்ஸ்டென்ட் பண்ணிக்கலாம், நீங்க பாட்டுக்கு வேலைய பாருங்க"ன்னு வாயால சொல்லிடுறார், அந்த ஊழியரும் திங்கக்கிழமை வந்து பஞ்ச் பண்ணிட்டு சீட்ல உக்காந்துடுறார். அப்ரூவல் மெயில் யாரோ ஒருத்தர் இன்பாக்ஸ்ல தூங்குது. ரெண்டு வாரம் கழிச்சு லெட்டர் ரெடி பண்ணி, பழைய தேதிய போட்டு நீட்டுறாங்க.

அந்த ரெண்டு வாரம் அவர் எந்த கான்ட்ராக்ட்ல வேலை செஞ்சார்? ஜெர்மனிய எடுத்துக்கோங்க. தனியா காரணம் காட்டாம போடுற கான்ட்ராக்ட் மொத்தம் 2 வருஷம் வரைக்கும்தான், அதுக்குள்ள 3 தடவ நீட்டலாம், ஆனா பழசு முடியுறதுக்கு முன்னாடியே எழுத்துல கையெழுத்தாகி இருக்கணும். முடிஞ்சப்புறமும் கம்பெனிக்குத் தெரிஞ்சே வேலை தொடர்ந்து, உடனே ஆட்சேபிக்காம விட்டா அவர் நிரந்தர ஊழியர். இன்னொரு சிக்கல், நீட்டுற அதே பேப்பர்ல வேலை நேரத்த, மத்த கண்டிஷன இஷ்டத்துக்கு மாத்துனா அத நீட்டிப்பா எடுத்துக்காம புது கான்ட்ராக்ட்டாத்தான் கோர்ட் பாக்கும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு கம்பெனியில பழைய தேதி போட்ட லெட்டர ஈ-சைன்ல அனுப்புனாங்க. மேல டைப் பண்ண ஒரு தேதி, கீழ கையெழுத்துக்குப் பக்கத்துல சிஸ்டம் தானா போட்ட தேதி, ரெண்டுக்கும் நடுவுல பதினஞ்சு நாள். ப்ராஜெக்ட் முடிஞ்சு அந்த ஊழியர அனுப்பப் பாத்தப்போ அவரோட வக்கீல் அந்த ஒரு பக்கத்ததான் எடுத்து வச்சார், கம்பெனி செட்டில்மென்ட் குடுத்துத்தான் வெளிய வந்துச்சு. காசு போனதுகூட பரவால்ல, ஒழுங்கா வேலை செஞ்ச மனுஷன் நம்மள ஏமாத்தப் பாத்தாங்கன்னு நெனச்சுட்டுப் போனார் பாருங்க, அதான் மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு.

60 நாள் முன்னாடியே மேனேஜர்கிட்ட முடிவு கேளுங்க, 30 நாள் முன்னாடி லெட்டர் ஊழியர் கையில இருக்கணும். லேட் ஆயிடுச்சா, உண்மையான தேதியவே போட்டுட்டு லீகல் டீம்கிட்ட அன்னிக்கே பேசுங்க. பேக்டேட் மட்டும் பண்ணவே பண்ணாதீங்க.

மொத்தக் காலத்த கணக்குப் பண்ணாம விடுறது

கடைசி லெட்டர மட்டும் பாக்காதீங்க, முதல்ல சேந்த தேதியிலேருந்து கூட்டுங்க. தென் கொரியாவுல பொதுவா 2 வருஷம் தாண்டுனா நிரந்தரம். பிரிட்டன்ல அடுத்தடுத்து நீட்டி 4 வருஷம் ஆயிட்டா, தகுந்த காரணம் இல்லாத வரைக்கும் நிரந்தரம்தான். ஜப்பான்ல 5 வருஷத்துக்கு மேல போனா ஊழியர் கேட்டாலே மாத்திக் குடுக்கணும்.

நடுவுல ரெண்டு நாள் பிரேக் குடுக்குறது

அதனால மொத்தக் காலக் கணக்கு புதுசா ஆரம்பிக்கும்னு நம்பாதீங்க.

நீட்டலன்னா சொல்லாமலே விடுறது

தேதி வந்தா தானா முடிஞ்சிடும்னு சும்மா இருந்துடுறாங்க. பிரிட்டன் சட்டத்துல, புதுப்பிக்காம விடுறதே வேலைநீக்கம் மாதிரிதான், ஊழியர் சட்டம் சொல்ற குறைஞ்சபட்ச காலம் வேலை செஞ்சிருந்தா அதுக்கு நியாயமான காரணமும் முறையும் வேணும். சட்டம் கேக்காத எடத்துலயும் சீக்கிரம் சொல்லுங்க, அவர் வேற வேலை தேடணும், வீட்டு வாடகை கட்டணும், குடும்பத்துக்குப் பதில் சொல்லணும்.

வொர்க் பெர்மிட் தேதி

வெளிநாட்டுக்காரரா இருந்தா லெட்டர் அடிக்கிறதுக்கு முன்னாடி பாருங்க.