பஞ்ச் கடைசில விழணும்: தமிழ் ஸ்டாண்டப் எழுதப் போறவங்களுக்கு

மொதல்ல உங்க ஜோக்க ஒரு பேப்பர்ல எழுதுங்க, எந்த வார்த்தைல ஆளுங்க சிரிக்கணுமோ அத வட்டம் போடுங்க, அதான் பஞ்ச். அது கடைசில இருக்கணும். தமிழ்ல இங்கதான் வம்பு, ஏன்னா நம்ம வாக்கியம் வினைச்சொல்லுல போய் முடியும், சிரிப்பு நடுவுல மாட்டிக்கும்.

"எங்கள எழுப்புறதுக்காக அப்பா காலைல 5 மணிக்கே எந்திரிச்சிடுவாரு." இது வெறும் தகவல். திருப்பிப் போடுங்க: "அப்பா காலைல 5 மணிக்கே எந்திரிச்சிடுவாரு. வாக்கிங் போக இல்ல. எங்கள எழுப்ப." பேச்சுல வினைக்கு அப்புறமும் ஒரு துண்டு ஒட்டலாம், பரீட்சை பேப்பர்ல பண்ணா சுழிச்சிருப்பாங்க, மேடைல அதான் சோறு போடும்.

அடுத்து 'ன்னு சொன்னாரு'வ தேடிப் பிடிங்க. நான் ரொம்ப நாள் பண்ண தப்பு இது. "'பார்க்கிங் நல்லா இருந்துச்சு'ன்னு என் ஷோ பாத்துட்டு அப்பா சொன்னாரு"ன்னு சொல்லுவேன், பஞ்ச் மொதல்லயே போயிடும், மிச்சத்த ஜனங்க சும்மா கேட்டுட்டு இருப்பாங்க. இப்போ: "அப்பா மொத தடவ என் ஷோவுக்கு வந்தாரு. முடிஞ்சதும் தோள்ல கை போட்டு சொன்னாரு, 'பார்க்கிங் நல்லா இருந்துச்சு.'"

இப்ப இணைப்புச் சொல். "எனக்கு சமைக்கத் தெரியாது, ஆனா சமையல் சேனல் வச்சிருக்கேன்." பரவால்ல ரகம். 'ஆனா'ன்னாலே ஏதோ திரும்பப் போகுதுன்னு கேக்குறவன் உஷாராயிடுவான். அத எடுத்துட்டு 'அதனால' போடுங்க: "எனக்கு சமைக்கவே தெரியாது, அதனால சமையல் சேனல் ஆரம்பிச்சேன்." கிறுக்குத்தனத்த நியாயம் மாதிரி சொல்றீங்க பாருங்க, சிரிப்பு அங்க இருக்கு. 'ஏன்னா'வும் இப்படித்தான் வேலை செய்யும், காரணம் கேவலமா இருக்கணும்.

'உம்' நம்ம ஊரு சொத்து. "கல்யாணத்துக்கு மாமாவும் வந்தாரு, அத்தையும் வந்தாங்க, பழைய சண்டையும் வந்துச்சு." ரெண்டு ஆளு, மூணாவதா ஆளே இல்ல.

வினை கடைசில வர்றது நமக்கே லாபமா ஆகுற எடமும் உண்டு. "பேங்குக்குப் போயி, டோக்கன் வாங்கி, ரெண்டு மணி நேரம் ஒக்காந்து, கவுண்டர் வந்ததும் குனிஞ்சு, மெதுவா, பேனா இருக்கான்னு கேட்டேன்." போயி, வாங்கி, ஒக்காந்துன்னு இழுக்க இழுக்க என்ன பண்ணப் போறான்னு காத்திருப்பாங்க, நடுவுல 'அப்புறம்' போட்டு மூச்சு விட்டீங்கன்னா காத்து எறங்கிடும்.

ஓப்பன் மைக் (யாரு வேணா மேடையேறி ஜோக்க சொல்லிப் பாக்குற நிகழ்ச்சி) போறப்ப ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, வீட்டுக்கு வந்து கேட்டுட்டு, வட்டம் போட்ட வார்த்தைக்கு அப்புறம் நீங்க எத்தன வார்த்தை பேசுனீங்கன்னு எண்ணுங்க. எனக்கு மொத தடவ 11 வந்துச்சு.