பனிச்சறுக்குப் பந்தயத்தில் இறங்கும் பிள்ளை: வெற்றியையும் வீழ்ச்சியையும் குடும்பம் கையாளும் முறை

ஆல்பைன் பனிச்சறுக்குப் பந்தயத்தில் ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு நிமிடத்துக்காகப் பிள்ளை கோடை முழுவதும் உடற்பயிற்சி செய்கிறது. இலையுதிர்காலத்தில் சாஸ்-ஃபே, செர்மாட் போன்ற இடங்களின் பனியாறுகளில் விடியுமுன் எழுந்து பழகுகிறது. பந்தய நாளிலோ நான்காவது கேட்டில் (ஓட்டப் பாதையைக் குறிக்க நட்ட கம்பங்களில்) ஸ்கீயின், அதாவது சறுக்குப் பலகையின், விளிம்பு வழுக்கி, கணக்கில் ஒன்றுமே சேராமல் வீடு திரும்ப நேரிடலாம். பாதையை முடிக்காதவருக்கு இந்த விளையாட்டில் நேரமும் இல்லை, இடமும் இல்லை. சுவிட்சர்லாந்தில் பள்ளிக் குளிர்கால முகாமில் பனிச்சறுக்கைக் கற்று, ஊர்க் கழகத்தில் சேர்ந்து, பந்தயம்வரை வந்துவிட்ட பிள்ளைகளின் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, இளமையில் பனியையே காணாமல் வளர்ந்த தமிழ்ப் பெற்றோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

புள்ளிமுறையை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள்

16 வயது நிறையும் ஆண்டில் தொடங்கும் பருவத்திலிருந்து பிள்ளை எஃப்ஐஎஸ் எனப்படும் சர்வதேசக் கூட்டமைப்பின் பந்தயங்களில் ஓட முடியும். அங்கே புள்ளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. வென்றவருடைய நேரத்துக்கும் உங்கள் பிள்ளையின் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து ஒரு புள்ளி கணக்கிடப்படுகிறது. அப்பந்தயத்தில் ஓடியவர்களின் தரத்தைப் பொறுத்து இன்னொரு புள்ளி அதனுடன் கூட்டப்படுகிறது. வலிமையான வீரர்கள் ஓடும் பந்தயத்தில் இந்தக் கூடுதல் சிறியதாக இருக்கும். ஆகவே எளிய பந்தயத்தில் முதலிடம் பெறுவதைவிட, வலிமையான பந்தயத்தில் பதினைந்தாவதாக வருவது சில நேரங்களில் அதிகப் பயன் தரும்.

பெற்றோர் பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று இதில் இருக்கிறது. நெருக்கமான கேட்களின் ஊடாக வளைந்து ஓடும் ஸ்லாலம், அதிவேகமாக இறங்கும் டவுன்ஹில் போன்ற ஒவ்வொரு போட்டிப் பிரிவிலும் கடந்த 12 மாதங்களின் சிறந்த இரண்டு முடிவுகளின் சராசரியே பொதுவாகப் பிள்ளையின் புள்ளியாகிறது. ஜனவரி முழுவதும் ஒரு பந்தயத்தைக்கூட முடிக்காத ஒருவர், மார்ச் மாதத்தின் ஒரு வார இறுதியில் இரண்டு நல்ல ஸ்லாலம் ஓட்டங்களால் எஃப்ஐஎஸ் புள்ளிப் பட்டியலில் வெகுவாக முன்னேறிவிடலாம். தோல்விகளைப் பட்டியலே கணக்கில் எடுக்காதபோது, இரவு உணவு மேசையில் நாம் அவற்றை எண்ணிக்கொண்டிருப்பதில் நியாயமில்லை. அதேவேளை, பயந்து மெதுவாக ஓடிப் பாதையை முடிப்பதாலும் பட்டியலில் எதுவும் மாறாது. என் கருத்தில், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை பாதையை முடிக்கப் பழகுவதே முதன்மையானது. துணிந்து ஓடும் பழக்கத்தை அதன்பின் படிப்படியாகக் கூட்ட வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் பிள்ளைக்கு எஞ்சுவது அச்சம்தான்.

பந்தய நாள்

காலையில் பாதையைப் பார்வையிடும் நேரம் சுற்றின் பாதி வேலையை முடித்துவிடுகிறது. கேட்களின் ஊடாகச் சறுக்கிப் பார்க்க அனுமதி இல்லை. ஓரமாக மெல்ல இறங்கி, திருப்பங்களின் தாளத்தையும், சரிவு திடீரென மாறும் இடங்களையும், மேலிருந்து கண்ணுக்குத் தெரியாத கேட்களையும் மனப்பாடம் செய்ய வேண்டும். இந்த நேரத்தில் பயிற்சியாளர் பேசட்டும். பெற்றோர் தள்ளியே நிற்கட்டும். ஸ்கீயின் விளிம்பைத் தீட்டுவதும் மெழுகு பூசுவதும் முந்தைய மாலையே முடிந்திருக்க வேண்டும். ஃபுளோரின் கலந்த மெழுகு 2023-24 பருவத்திலிருந்து எஃப்ஐஎஸ் பந்தயங்களில் தடைசெய்யப்பட்டிருப்பதால், வீட்டில் கிடக்கும் பழைய மெழுகுக் கட்டிகளைப் பயன்படுத்தாதீர்கள்.

புதிதாக வரும் பிள்ளைக்குப் பின்வரிசை எண்தான் கிடைக்கும். முன்னால் ஓடியவர்களின் ஸ்கீக்கள் பனியை அரித்து, ஒவ்வொரு திருப்பத்திலும் பள்ளம் பறித்திருக்கும். முதல் எண்ணில் ஓடியவரின் நேரத்தோடு அறுபதாவது எண்ணில் ஓடிய உங்கள் பிள்ளையின் நேரத்தை ஒப்பிட்டுப் பேசாதீர்கள்; அதற்கு முன்னும் பின்னும் ஓடிய ஐந்தாறு பேரோடு ஒப்பிடுவதே பொருத்தம். அதைவிடப் பயனுள்ள பழக்கமும் உண்டு. பந்தயத்துக்கு முன்பே, "இன்று திருப்பங்களில் வெளிப்பக்கக் காலில் முழு அழுத்தம் கொடுப்பேன்" என்பதைப் போன்ற ஒரே ஒரு நோக்கத்தைப் பிள்ளை தன் வாயால் சொல்லட்டும். விழுந்தாலும் எழுந்தாலும் அந்த ஒன்று நடந்ததா என்று அதனால் தானே பதில் சொல்ல முடியும்.

முதல் சுற்றில் பின்தங்கியதும் மனம் தளரும் பிள்ளைக்குச் சுவிஸ் வீரர் டேனியல் யூலின் ஓட்டத்தைக் காட்டுங்கள். 2024 பிப்ரவரியில் ஷாமோனி உலகக் கோப்பை ஸ்லாலத்தில் முதல் சுற்றின் முடிவில் அவர் 30-வது இடத்தில் இருந்தார். இரண்டாம் சுற்றில் முதல் முப்பது பேர் தலைகீழ் வரிசையில் ஓடுவதால், அரிக்கப்படாத பனியில் முதலாவதாக இறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பந்தயத்தை அவரே வென்றார்.

விழுந்தபின்

தலையில் அடிபட்ட ஐயம் சிறிதளவு இருந்தாலும் அன்றைய நாள் அத்துடன் முடிந்தது. இரண்டாம் சுற்று என்ற பேச்சுக்கே இடமில்லை. உடலுக்கு ஒன்றும் இல்லை என்று உறுதியானபின், முதல் சில மணி நேரம் பந்தயத்தைப் பற்றிக் கேட்காமல் இருங்கள். பசிக்கு உணவும் உலர்ந்த உடையும் கொடுங்கள். வண்டியில் ஊர் திரும்பும் வழியில் அறிவுரை சொல்லும் ஆசை எழும். அதை அடக்குவது கடினம், ஆனாலும் அடக்க வேண்டும். காணொளியைப் பிள்ளை தானே கேட்கும்போது, பயிற்சியாளருடன் பார்க்கட்டும்.

அமெரிக்க வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரின் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜயன்ட் ஸ்லாலம் (கேட்கள் ஸ்லாலத்தைவிட அகன்று நிற்கும் பிரிவு), ஸ்லாலம் இரண்டிலும் முதல் சில கேட்களுக்குள்ளேயே வெளியேறினார். தனிநபர் பதக்கம் ஒன்றும் இல்லாமல் திரும்பினார். அதே பருவத்தின் இறுதியில், மார்ச் மாதத்தில், எல்லாப் பிரிவுகளையும் சேர்த்து வழங்கப்படும் உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டம் அவருக்குத்தான் கிடைத்தது. பாதையை முடிக்காமற் போவது திறமைக்குறைவின் சான்று அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

காயம்

ஏசிஎல் எனப்படும் முழங்கால் தசைநார் கிழிவது இந்த விளையாட்டில் அடிக்கடி நேரும் பெருங்காயம். அறுவைக்குப்பின் பந்தயத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். அந்தக் காலத்தில் மூன்று காரியங்கள் தேவை. காயத்தால் ஓட முடியாதவரின் பழைய புள்ளியைச் சிறிய இழப்புடன் காக்கும் விதி எஃப்ஐஎஸ்ஸில் உண்டு. தேசியச் சங்கத்தின் வழியாக அதற்கு உரிய நேரத்தில் விண்ணப்பியுங்கள். இயன்முறை மருத்துவரின் வலிமைச் சோதனைகளில் தேறியபின்னரே பனிக்குத் திரும்புவது என்று முடிவெடுங்கள், நாட்காட்டியைப் பார்த்து அவசரப்படாதீர்கள். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: பிள்ளையைத் தோழர்களிடமிருந்து பிரித்துவிடாமல், கேட் நடவும் நேரம் குறிக்கவும் கழகத்துக்குத் தொடர்ந்து அனுப்புங்கள்.

சுவிஸ் வீராங்கனை லாரா குட்-பெஹ்ராமியின் வாழ்வு இதற்குத் துணைநிற்கும். 2008 பிப்ரவரியில், 16 வயதில், சென் மோரிட்ஸ் டவுன்ஹில்லில் முடிவுக்கோட்டுக்குச் சற்று முன் விழுந்து, சறுக்கியபடியே கோட்டைக் கடந்து மூன்றாம் இடம் பெற்றார். அடுத்த ஆண்டு இடுப்பு மூட்டு விலகியதால் 2010 வான்கூவர் ஒலிம்பிக்கை இழந்தார். 2016-இல் ஒட்டுமொத்தப் பட்டம் வென்றார். 2017-இல் அதே சென் மோரிட்ஸில், உலகச் சாம்பியன் போட்டியின்போது, ஒரு சுற்றுக்கான முன்பயிற்சியில் முழங்கால் தசைநார் கிழிந்தது. 2022-இல் டவுன்ஹில்லைப் போன்ற வேகப் பிரிவான சூப்பர்-ஜியில் ஒலிம்பிக் தங்கமும், 2024-இல் இரண்டாவது ஒட்டுமொத்தப் பட்டமும் வந்தன.

வளர்ச்சியும் முடிவெடுக்கும் காலமும்

வயதுப் பிரிவுகள் பிறந்த ஆண்டைக் கொண்டே வகுக்கப்படுவதால், டிசம்பரில் பிறந்த பிள்ளை தன்னைவிடப் பதினொரு மாதம் மூத்தவர்களோடு மோதுகிறது. 13, 14 வயதில் இது பெரிய வித்தியாசம். ஒரே ஆண்டில் வெகுவாக உயர்ந்துவிட்ட பிள்ளை பழைய சமநிலையைத் தற்காலிகமாக இழப்பதும் இயல்பே. இவ்வயதில் பிராந்திய அணிக்குத் தேர்வாகாததைக் கொண்டு எதிர்காலத்தைத் தீர்மானிக்காதீர்கள். வேகமாக வளரும் பருவத்தில் புதிய ஸ்கீக்களுக்காகக் கடனும் வாங்காதீர்கள். கழகங்களின் பழம்பொருள் சந்தையில் நல்ல நிலையிலுள்ள பந்தய ஸ்கீக்கள் கிடைக்கும்.

தொடர்வதா நிறுத்துவதா என்ற கேள்வியை ஜனவரியில், ஒரு வீழ்ச்சியின் மறுநாள், ஒருபோதும் எழுப்பாதீர்கள். பனி உருகியபின், ஏப்ரல் முடிவில், பிள்ளையை அமைதியாகக் கேளுங்கள். அதன் பதில் உங்கள் விருப்பத்துக்கு மாறாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். பந்தயத்தை விடும் பிள்ளை பனியை விட வேண்டியதில்லை: 18 வயதானதும் யூகென்ட் உன்ட் ஷ்போர்ட் எனும் சுவிஸ் அரசின் இளையோர் விளையாட்டுத் திட்டத்தின்கீழ் பயிற்சி பெற்று, அதே கழகத்தின் சிறுவர்களுக்கு வழிகாட்டியாக வரலாம்.