வேலை சிக்கும் இடத்தை நேரில் பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி?

பேக்கிங் தாமதமாகிறது என்று ரிப்போர்ட் சொல்லும். ஏன் என்று சொல்லாது. அதற்கு பேக்கிங் மேசை பக்கத்தில் போய் நிற்க வேண்டும். டொயோட்டாவில் இதை 'கெஞ்சி கெம்புட்சு' என்பார்கள்: இடத்துக்கே போய், பொருளைக் கண்ணால் பார்ப்பது. டொயோட்டா உற்பத்தி முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான தாய்ச்சி ஓனோ அங்கே தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, அதற்குள் நின்று கவனிக்கச் சொல்வாராம்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள். "ஒரு பெட்டி கட்ட எவ்வளவு நேரம், எங்கே நிற்கிறது?" இது போதும்.

படி 2: வேலை செய்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "உங்களைச் சோதிக்க வரவில்லை. வேலை எங்கே சிக்குகிறது என்று பார்க்க வந்தேன்." சொல்லாமல் நின்றால் அவர் விதிப்படி மட்டுமே செய்து காட்டுவார், வழக்கமான வேலை மறைந்துவிடும். சொன்னாலும் முதல் 15 நிமிடம் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருப்பார். அந்தக் குறிப்புகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 3: நகராமல் நின்று, தொடர்ந்து 10 பெட்டிகளுக்கு நேரம் எடுங்கள். தொடக்கக்காரர்கள் தவறுவது இங்கேதான். 9 பெட்டிக்குத் தலா 40 வினாடி, ஒன்றுக்கு மட்டும் 2 நிமிடம் என்றால் சராசரி 48 வினாடி. ஆனால் 48 வினாடியில் கட்டிய பெட்டி ஒன்றுகூட இல்லை! அந்த 2 நிமிடப் பெட்டியைத்தான் துருவ வேண்டும்.

நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் கண்டதையும் வலப்பக்கம் நினைத்ததையும் எழுதுங்கள். "டேப் தீர்ந்தது, ஸ்டோருக்குப் போனார், 70 வினாடி கழித்து வந்தார்" இடப்பக்கம். "அக்கறையில்லை" வலப்பக்கம், அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

படி 4: அவரிடமே ஏன் என்று கேளுங்கள். ஏன் போனார்? மேசையில் மாற்று ரோல் இல்லை. ஏன் இல்லை? ஸ்டோரில் ஒரு தடவைக்கு ஒன்றுதான் தருவார்கள். ஏன்? முன்பு கணக்கு உதைத்ததால் அப்படி ஒரு விதி. கோளாறு மேசையில் இல்லை, ஸ்டோர் விதியில். காரணம் தேட ஐந்து முறை 'ஏன்' என்று கேட்பார்கள், அது ஒரு வழக்கம்தான். மாற்றக்கூடிய காரணம் மூன்றிலேயே கிடைத்தால் நிறுத்துங்கள். பதில் ஓர் ஆளின் பெயரில் போய் முடிந்தால் கேள்வி தடம் மாறிவிட்டது, திரும்பி வாருங்கள்.

படி 5: ஒரே ஒரு மேசையில், ஒரு நாள் மட்டும், இரண்டு ரோல் கொடுத்துப் பாருங்கள். அதே இடத்தில் நின்று மறுபடி 10 பெட்டி. இரவு ஷிஃப்டிலும் ஒருமுறை நில்லுங்கள். அந்நேரம் ஸ்டோரே பூட்டியிருக்கலாம்.