கோர்ட்டில் வழக்கு இருக்கும்போது ஸ்டேஷனுக்குப் போகிறீர்களா?

"முன்சீப் கோர்ட்டில் ஆறு வருஷமா வாய்தாதான் போடுறாங்க. இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு ஒரு அதட்டு அதட்டினா பாதையை விட்டுருவான்." வரப்புத் தகராறில் அலைபவர்களிடம் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். சலிப்பு நியாயமானதுதான். ஆனால் பாதை யாருக்கு என்று சொல்லும் அதிகாரம் இன்ஸ்பெக்டருக்கு இல்லை. சொன்னால் அது கட்டப் பஞ்சாயத்து. எதிர்த்தரப்பு உயர் நீதிமன்றம் போனால் மாட்டிக்கொள்வது அவர். அதனால்தான் இத்தகைய மனுக்கள் பலவும் சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகார் பெற்றதற்கு ஸ்டேஷன் தரும் சீட்டு, எஃப்.ஐ.ஆர். அல்ல) நின்று, 'சிவில் தன்மையுடையது, நீதிமன்றத்தில் பரிகாரம் தேடிக்கொள்ளவும்' என்று முடிகின்றன.

இது தெரிந்து சிலர் வழக்கு எண்ணையே மறைத்துவிடுகிறார்கள். விசாரணைக்கு வரும் எதிராளி கையில் பிராது (கோர்ட்டில் தாக்கலான வழக்கு மனு) நகலோடுதான் வருவார். அதன்பின் உங்கள் மனுவில் உள்ள உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள். பொய் என்று தெரிந்தே புகார் கொடுத்தால் பி.என்.எஸ். (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 217-ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறைக்கும் வழியிருக்கிறது.

எண்ணை மறைப்பதைவிட ஆபத்தானது, கோர்ட்டில் ஒன்றும் ஸ்டேஷனில் ஒன்றும் எழுதுவது. இடம் என் அனுபவத்தில், அதாவது என் கைவசத்தில் இருக்கிறது, அதில் தலையிடக் கூடாது என்று உறுத்துக் கட்டளை (தடையாணை) கேட்டு வழக்குப் போட்டிருப்பீர்கள். புகாரிலோ, கோபத்தில், 'போன மாதமே ஆக்கிரமித்து வேலி போட்டுவிட்டான்' என்று எழுதிவிடுவீர்கள். அனுபவம் உங்களிடம் இல்லை என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கதைதான். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த மனுவைக் காட்டி, "இது உங்கள் கையெழுத்துதானே?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? உண்மையிலேயே வேலி போட்டிருந்தால், பிராதைத் திருத்தி அனுபவத்தைத் திரும்பக் கேட்க வேண்டுமா என்று வக்கீலிடம் முதலில் பேசுங்கள். ஸ்டேஷனில் 'சமாதானமாகப் போகிறோம்' என்று அவசரத்தில் எழுதிக் கொடுக்கும் தாளும் இப்படித்தான் பின்னால் வந்து நிற்கும்.

தடையாணை வாங்கியவர்கள், அதை மீறியதும் நேரே போலீஸிடம் ஓடுகிறார்கள். ஆணையை மீறியதற்குத் தண்டிக்க வேண்டியது ஆணையிட்ட கோர்ட். உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 39, ரூல் 2ஏ-யின்படி மீறியவரின் சொத்தை ஜப்தி செய்யலாம், மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கலாம். போலீஸ் பாதுகாப்பு வேண்டுமென்றாலும் அதே கோர்ட்டில் மனுப்போட்டு உத்தரவோடு போனால், ஸ்டேஷனில் கிடைக்கும் மரியாதையே வேறு.

பொய்ச்சாட்சி சொன்னான் என்ற புகாரும் ஸ்டேஷனுக்குரியது அல்ல; சாட்சி சொன்ன அந்த நீதிமன்றம்தான் எழுத்து மூலம் முறையிட வேண்டும். போலிப் பத்திரத்தில் மட்டும் ஒரு நுணுக்கம். பத்திரம் கோர்ட்டில் தாக்கலான பிறகு அதில் கை வைத்திருந்தால்தான், கோர்ட்தான் முறையிட வேண்டும் என்ற இந்தத் தடை. வெளியிலேயே தயாரித்துக் கொண்டுவந்த போலிக்கு அது பொருந்தாது என்று 2005-இல் இக்பால் சிங் மார்வா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

திங்கள்கிழமை கலெக்டர், அப்புறம் எஸ்.பி., முதல்வர் தனிப்பிரிவு என்று ஒரே மனுவை நகலெடுத்து அனுப்புவதும் வீண். எல்லாம் சுற்றி அதே ஸ்டேஷன் மேசைக்குத்தான் வரும்.

அப்படியானால் போகவே கூடாதா? அடித்தால், கொலை மிரட்டல் விடுத்தால், மரத்தை வெட்டினால், பூட்டை உடைத்தால் அன்றே போங்கள். சிவில் வழக்கு இருப்பதாலேயே குற்றம் குற்றமில்லாமல் போகாது. ஆனால் மனுவில் நடந்த தேதி, நேரம், யார், என்ன செய்தார், யார் பார்த்தார் என்பது முதலில் வரட்டும். வழக்கு எண் ஒரு வரியில் இருக்கட்டும், ஆணை நகலை இணையுங்கள். தாத்தா காலத்துப் பட்டா வரலாறு வேண்டாம். அதைப் படிக்கத் தொடங்கியதும் 'சிவில்' முத்திரை விழுந்துவிடும். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றமாக இருந்தும் பதிய மறுத்தால், புகாரைத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பலனில்லை என்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் பி.என்.எஸ்.எஸ். (குற்ற நடைமுறைக்கான புதிய சட்டம்) 175(3)-இன் கீழ், விசாரிக்கப் போலீஸுக்கு உத்தரவிடக் கோரி மனுப்போடலாம். அங்கேயும் சிவில் வழக்கு எண்ணைச் சொல்லிவிட்டே போடுங்கள்.